அடுத்த முறை எப்ப வருவியள்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து வந்து கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்வது பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. ஒரே வகுப்பில் படித்து, இன்று வைத்தியராகவும் பல் வைத்தியராகவும் தாதியாகவும் கண் பரிசோதகராகவும் நான்கு நாடுகளில் வேலை செய்யும் ஐந்து பேரின் சார்பில் இந்த உரை. அதனால் "நாங்கள்" என்றே பேசப் போகிறோம். புகழும் பழியும் ஐந்து பேருக்கும் பொது. இன்று சொல்லப் போவதில் பழிதான் கொஞ்சம் கூட.

போர் முடிந்து சில வருடங்களின் பின், ஒரு ஓகஸ்ட் மாதத்தில், முதன்முறையாக நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக ஊருக்கு வந்தோம். நல்லூர்த் திருவிழாவும் பார்க்கலாம், வடமராட்சி கிழக்கில் ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்தில் வைத்திய முகாமும் நடத்தலாம் என்பது திட்டம். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிள்ளைகளுக்கு விடுமுறை. அங்கே விடுமுறையென்றால் இங்கேயும் ஓகஸ்டில் விடுமுறைதான் என்பது எங்கள் யோசனைக்கு வரவில்லை. எங்களுக்காக அதிபர் வீடு வீடாகச் சொல்லி அனுப்பி, விடுமுறையில் இருந்த பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை போட்டு வரச் செய்திருந்தார். சில பிள்ளைகள் சுடுமணலில் இரண்டு மைல் நடந்து வந்திருந்தார்கள். வாசலில் மாலையோடு நின்றார்கள்.

மூன்று நாள் முகாம். எடை, உயரம், பல், காது, கண் எல்லாம் பார்த்தோம். பற்பசையும் கொப்பியும் கொடுத்தோம். நிறையப் படமும் எடுத்தோம். கண் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு, கண் கிளினிக்குக்குப் போகும்படி ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்தோம். கடைசி நாள் அதிபர் கேட்டார்:

"அடுத்த முறை எப்ப வருவியள்?"

"கட்டாயம் வருவம் சேர்" என்றோம். திகதி சொல்லவில்லை.

அந்த முகாமில் தரம் இரண்டு படிக்கும் ஒரு சிறுமி இருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்க்கச் சொன்னோம். வலக் கண்ணால் ஓரளவு சரியாகச் சொன்னாள். வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் பார்க்கச் சொன்னபோது, "ஒண்டும் தெரியேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு கண்ணை மூடினால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த வருடம் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அவள் தரம் மூன்றில் இருந்தாள். அவளுடைய கொப்பி உறைக்குள் அந்தத் துண்டு நாலாக மடித்தபடி இருந்தது. துண்டு கொடுத்த மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். கிளினிக்குக்குப் போனவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

முதலில் பெற்றோர் மேல்தான் கோபம் வந்தது. தாயைக் காண வேண்டும் என்றோம். வாடியில் கருவாடு போடும் வேலையிலிருந்து அவர் நேரே வந்தார். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை மாற்றாமல் சொல்கிறோம்:

"வெளிநாட்டிலை இருந்து பெரிய டொக்டர்மார் வந்து பார்த்தவை. ஏதும் பிழை எண்டால் எனக்குச் சொல்லியிருப்பினம்தானே எண்டு நினைச்சன்."

துண்டு அவர் கைக்குக் கிடைக்காமல் இல்லை. அவர் அதைப் பிரித்தும் பார்த்திருக்கிறார். அதில் இருந்தது ஆங்கிலம். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதி வைத்தியராகிய நாங்கள், ஒரு தமிழ்த் தாய்க்கு ஆங்கிலத்தில் துண்டு எழுதியிருக்கிறோம். அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்ட கை. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியிருந்தாலும், கிளினிக் நடப்பது வேலை நாள் காலையில். இரண்டு பஸ் மாறி மந்திகைக்குப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். அன்றைய நாட்சம்பளம் போய்விடும். வீட்டில் கைக்குழந்தை வேறு.

வகுப்பு ஆசிரியையிடமும் பேசினோம். அந்தப் பிள்ளை தலையைச் சரித்து வைத்து எழுதுவதை, நாங்கள் வருவதற்கு முந்திய தவணையிலேயே அவர் கவனித்திருந்தார். "நீங்கள் கேக்கேல்லை, நானும் டொக்டர்மாருக்குச் சொல்லுறது எப்பிடி எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றார். மூன்று நாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு ஆசிரியையிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வைத்தியம் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். சிறு வயதில் ஒரு கண்ணின் பார்வை மற்றதைவிட மிகக் குறைவாக இருந்தால், மூளை அந்தக் கண் அனுப்பும் காட்சியை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பற் கண் என்று சொல்வார்கள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மூடி வைத்து, குறைந்த கண்ணுக்கு வேலை கொடுத்தால் தேறும். ஆனால் இதற்குக் காலம் உண்டு. ஏழெட்டு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். பிறகு ஒவ்வொரு வருடமும் பலன் குறைந்துகொண்டு போகும். அந்தப் பிள்ளையை நாங்கள் முதலில் பார்த்தபோது வயது ஏழு. கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது எட்டு கடந்துவிட்டது. சிகிச்சை நடந்தது. ஓரளவு தேறியது, முழுதாகத் தேறவில்லை. ஒரு வருடம் முந்தியிருந்தால் முழுதாகத் தேறியிருக்குமா என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை எங்களோடு வைத்திருக்கிறோம்.

முகாமே நடக்காமல் இருந்திருந்தால்கூட அந்தத் தாய் பிள்ளையைக் கவனித்திருப்பார். நாங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதுதான் அவரை நிம்மதியாக இருக்க வைத்தது. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட ஏதாவது செய்வது நல்லது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

அன்று மாலை பருத்தித்துறையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்து பேரும் இருந்து நீண்ட நேரம் பேசினோம். இனி வருவதை விட்டுவிடுவோமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். அப்போதுதான் பேச்சு பழைய காலத்துக்குப் போனது. கடல் கடந்து தொண்டு செய்ய வருவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. நம் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு எழுத்தறிவித்தவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். அவர்கள் செய்ததில் எது நின்றது, ஏன் நின்றது என்று பார்ப்போம் என்று தொடங்கினோம்.

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம். 1840 இல் அங்கே வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரை அந்தப் பாடசாலையை நடத்தினார். 1883 இல் இங்கேயே இறந்தார். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்கு விடுமுறையில் போகவில்லை. ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அவரிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அவரிடமே படித்தார்கள். "அடுத்த முறை எப்ப வருவியள்" என்று அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்து மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியப் படிப்பும் நடத்தினார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870 இல். அதற்கு இருபது வருடத்துக்கு மேலாக முந்தியே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கப்பட்டது. முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு, கிராமத்தில் இருந்து வைத்தியம் செய்ய வேண்டியவனுக்குக் கிராமத்தின் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 1860களில் தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் படித்து, தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்", "கெமிஸ்தம்" என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873 இல் ஊர் திரும்பினார். அவர் போனார், வைத்தியம் போகவில்லை. மசாசூசெற்சில் பிறந்த ஒருவர் நூற்றைம்பது வருடத்துக்கு முன் தமிழில் வைத்தியம் எழுதினார். நாங்கள் ஒரு துண்டைத் தமிழில் எழுதவில்லை. அன்றிரவு இந்த ஒப்பீடு எங்களைத் தூங்க விடவில்லை.

இவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை எதிர்கொள்ளவே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதனாலும் யாழ்ப்பாணத்தில் கல்வி வளர்ந்தது. சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய கல்லூரிக்கும் கடல் கடந்துதான் ஒருவர் வந்தார். புளோரன்ஸ் பார் என்ற அவர் லண்டன் நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகை, பெர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேற்சுக்கும் நண்பி. அவ்வளவையும் விட்டு 1912 இல் இலங்கைக்கு வந்து, இங்கே பெண்பிள்ளைகளின் கல்லூரியைப் பார்த்துக்கொண்டு, 1917 இல் கொழும்பில் புற்றுநோயால் இறந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், அவர் எங்களைப் போல் பெண் வைத்தியர். கனடாவில் ஒன்ராறியோவில் பிறந்து 1896 இல் இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து மேரி இரட்ணம் ஆனார். பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். 1930 இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களுக்கென்று சுகாதாரக் கைநூல் எழுதினார். 1958 இல் மக்சேசே விருது பெற்றார். வைத்தியர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் வந்து போகலாம், கைநூல் ஆசிரியையின் மேசையில் வருடம் முழுவதும் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவர்கள் ஒவ்வொருவரும் தங்களோடு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிலர் மதத்தை, சிலர் ஆங்கிலப் பழக்கவழக்கத்தை. நாங்கள் மட்டும் வெறுங்கையோடா வந்தோம்? ஊரை விட்டுப் போன குற்ற உணர்வைக் கொண்டுவந்தோம். முகப்புத்தகத்தில் போட ஒரு படம் வேண்டும் என்ற ஆசையைக் கொண்டுவந்தோம். அது இருக்கட்டும். பழையவர்களின் வேலை நின்றதற்குக் காரணம் மூன்று என்று கண்டோம். அவர்கள் நீண்ட காலம் இருந்தார்கள். பிள்ளையின் மொழியில் வேலை செய்தார்கள். தாங்கள் போன பின் வேலையைச் செய்ய இந்த மண்ணில் ஆட்களைப் பழக்கிவிட்டுப் போனார்கள். எங்களால் முதலாவது முடியாது, வேலையும் குடும்பமும் அங்கே. இரண்டாவதும் மூன்றாவதும் முடியும். அந்த வருடத்திலிருந்து எங்கள் முறையை மாற்றினோம். வெளிநாடுகளில் இருந்து இப்படி வர யோசிக்கும் தங்கைமாருக்குப் பயன்படட்டும் என்று அதைச் சொல்கிறோம்.

முதலாவது, என்ன நடக்கிறது என்று கேட்டோம். இந்த நாட்டில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை பல காலமாக நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடமென்றால் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். எங்கள் கடலோரப் பள்ளிக்கூடத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அவருக்குத் தெரியாமலே நாங்கள் முகாம் நடத்தியிருக்கிறோம். இப்போது அவரிடம் கேட்ட பின்தான் விமானச் சீட்டு. அவர்கள் கண்டுபிடித்த குறைகளில் எது கவனிப்பாரில்லாமல் நிற்கிறதோ அதுதான் எங்கள் வேலை. வலயக் கல்விப் பணிமனைக்கும் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுகிறோம்.

இரண்டாவது, விடுமுறையில் வருவதை நிறுத்தினோம். தவணைக் காலத்தில் வரக்கூடியவர் வருகிறார். வர முடியாதவர் விமானச் சீட்டுக் காசை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறார். இது கேட்கச் சங்கடமாக இருக்கும். ஒருவர் லண்டனிலிருந்து வந்து போகும் செலவில் எத்தனை பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கலாம் என்று யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கடையில் விலை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கண் பார்க்கும் வேலையை ஆசிரியைகளிடம் கொடுத்தோம். ஆறு மீற்றர் தூரம் அளந்து தரையில் ஒரு கோடு. சுவரில் ஒரு அட்டை. ஆங்கில ஈ எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பிள்ளை விரலால் காட்டினால் போதும், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கண், பிறகு மற்றக் கண். மூடும் கையின் விரல் இடுக்கால் பிள்ளை பார்க்காமல் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை நாளில் பழக்கிவிடலாம். தரம் ஒன்றில் பிள்ளை சேர்ந்த முதல் தவணையிலேயே ஆசிரியை பார்த்துவிடுகிறார். ஓகஸ்டில் லண்டனிலிருந்து டொக்டர் வரும்வரை எந்தப் பிள்ளையின் கண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, துண்டு தமிழில். அதோடு, துண்டு கொடுப்பதை வேலையின் முடிவாக எடுப்பதில்லை. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எங்கள் முழு முயற்சிக்கும் முதுகெலும்பு. நம் கல்லூரியில் படிப்பித்து ஓய்வு பெற்று, வடமராட்சியில் இருக்கும் ஒரு ரீச்சர் அவர். பெயர் சொல்லக் கூடாது என்பது அவரின் கட்டளை. வயது எழுபது தாண்டிவிட்டது. கிளினிக் நாளில் ஒரு வான் பிடித்து, பிள்ளைகளையும் தாய்மாரையும் ஏற்றிக்கொண்டு போய், நம்பர் எடுத்து, வரிசையில் இருத்தி, மத்தியானம் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, மாலையில் வீட்டில் இறக்கிவிடுகிறார். வான் காசும் சாப்பாட்டுக் காசும், தாய்மார் இழக்கும் நாட்சம்பளமும் எங்கள் செலவு. எங்களில் ஒருத்தி ஒரு முறை அவரோடு போனாள். மந்திகையில் பகல் முழுவதும் வாங்கில் இருந்தபோதுதான், துண்டு எழுதுவது எவ்வளவு சுலபமான வேலை என்று அவளுக்கு விளங்கியது.

கண்ணாடி கிடைத்த பின்பும் வேலை முடிவதில்லை. பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிப் புத்தகப் பையில் போட்டுவிடுவார்கள். வகுப்பில் "ஆச்சி, ஆச்சி" என்று பகிடி பண்ணுவார்கள். பெண்பிள்ளையென்றால் வீட்டிலும் தயக்கம். "இப்பவே கண்ணாடி போட்டால் நாளைக்கு ஆர் கட்டுறது?" என்று ஒரு அம்மம்மா ரீச்சரைக் கேட்டாராம். "கண் தெரியாமல் கிணத்துக்கை விழுந்தால் ஆர் கட்டுறது?" என்று ரீச்சர் திருப்பிக் கேட்டாராம். லண்டனில் இருந்து இந்தப் பதிலை எங்களால் சொல்லியிருக்க முடியாது. இப்போது பிரேமின் நிறத்தைப் பிள்ளையே தெரிவு செய்கிறது. நீலமும் சிவப்பும்தான் அதிகம் போகிறது.

ஐந்தாவது, பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுப்பதில்லை. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யாராவது வந்து அனுமதி இல்லாமல் படம் எடுத்தால் சும்மா இருப்போமா?

இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் வாசித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பினோம். பனிமனிதனும் ஸ்ரோபெரித் தோட்டமும் இருக்கும் புத்தகங்கள். மூன்று வருடம் கழித்து அலுமாரியைத் திறந்தபோது அவற்றை வாசித்திருந்தது கறையான் மட்டும்தான். என்ன வேண்டும் என்று ஆசிரியையைக் கேட்டபோது, அவர் கேட்டது மூன்று: கழிவறைக்குத் தண்ணீர்த் தாங்கி, தமிழில் சிறுவர் கதைப் புத்தகங்கள், தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயிற்சித் தாள்கள் அச்சடிக்கக் கடதாசி. மூன்றுமே யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடியவை.

மூன்றாவது வருடம் எங்கள் மகள்மாரில் ஒருத்தியும் வந்தாள். பதினைந்து வயது, லண்டனில் பிறந்தவள், தமிழ் விளங்கும், பேசக் கூச்சம். அவள் ஒரு விடயத்தைக் கவனித்தாள். "அம்மா, நீங்கள் ஒவ்வொரு தரமும் வகுப்புக்குள்ளை போகேக்கை ஏன் எல்லாரும் பாடத்தை விட்டிட்டு எழும்பி நிக்கினம்?" என்று கேட்டாள். நாங்கள் ஐந்து பேரும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள். அது எங்கள் கண்ணில் படவே இல்லை. நாங்கள் அட்டையும் ரோச்சும் எடுக்க, வைக்க என்று வகுப்புக்குள் போகும் ஒவ்வொரு முறையும் கணக்குப் பாடம் நின்றிருக்கிறது. அதன் பின் வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. மரத்தடியில் இருந்துகொள்கிறோம். பிள்ளைகள் பாடம் முடிந்து வருகிறார்கள்.

மரத்தடி என்றதும் ஒரு ஞாபகம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மழை இரவில் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தை விட்டவர்கள் பாதி, வழியில் நனைந்து போனவை பாதி. கொஞ்ச நாளில் ஒரு ரீச்சர் எங்களைத் தேடி வந்தார். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு மாமரத்தின் கீழ் எங்கள் வகுப்புத் தொடர்ந்தது. கரும்பலகை இல்லை, ஒரு கதவைக் கழற்றி அதில் எழுதினார். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அவருக்கு எப்போது சம்பளம் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதற்கு முந்திய வருடங்களில், மந்திகை ஆஸ்பத்திரியில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பைச் சேர்ந்த வெளிநாட்டு வைத்தியர்கள் வேலை செய்ததைக் கண்டு எங்களில் இருவருக்கு வைத்தியராகும் ஆசை வந்தது உண்மை. அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அந்த ஆசையைக் கணக்கும் விஞ்ஞானமுமாக மாற்றியவர் கதவில் எழுதிய ரீச்சர். வெளியிலிருந்து வருகிறவரும் வேண்டும், உள்ளே இருக்கிறவரும் வேண்டும். உள்ளே இருக்கிறவரின் கையைப் பலப்படுத்தாமல் போனால், வெளியிலிருந்து வருகிறவர் வெறும் விருந்தாளி.

கடைசியாக, நூற்றாண்டு காணும் நம் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. வெளிநாட்டுக் கிளை ஒவ்வொன்றும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு முறைக்கல்ல, ஐந்து வருடத்துக்கு. வைத்தியர்தான் வர வேண்டும் என்றில்லை. கணக்காளராக இருப்பவர் வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் ஒரு முழுக் கல்வியாண்டுக்கு ஒத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் படிப்பித்து ஆசை காட்டிவிட்டுக் காணாமல் போகக் கூடாது. இங்கே இருக்கும் ஓய்வு பெற்ற நம் ரீச்சர்மாரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் எடுக்கட்டும். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். அவர்களுக்கு வான் காசும் மரியாதையும் நாம் கொடுப்போம்.

எங்கள் ரீச்சர் ஒரு நீளக் கொப்பி வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாக ரூலரால் கோடு போட்டு ஐந்து நிரல்: பிள்ளையின் பெயர், குறை கண்ட திகதி, கிளினிக்குக்குப் போன திகதி, கண்ணாடி போட்ட திகதி, பிறகு பார்த்த திகதி. நாங்கள் ஊருக்கு வந்தால் முதலில் அந்தக் கொப்பியை எடுத்துக் கடைசி நிரலைப் பார்க்கிறோம். அது நிரம்பியிருந்தால் எங்களுக்கு வேலை குறைவு. வெறுமையாக இருக்கும் பெயர்கள்தான் அந்தப் பயணத்தின் வேலை. அந்தச் சிறுமியின் பெயர் கொப்பியின் முதற்பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது. இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். சிவப்புப் பிரேம். கடைசி நிரலில் அவளுக்கு மட்டும் இடம் போதாமல், ரீச்சர் ஒரு தாள் ஒட்டி எழுதியிருக்கிறார்.

சென்ற முறை புறப்படும்போதும் அதிபர் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். முன்பு இருந்த அதிபர் அல்ல, புதியவர். இந்த முறை திகதி சொன்னோம். அவர் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.